ரிலீவர் வராத ஞாயிற்றுக்கிழமை

பறவை பார்க்கப் போகலாம் என்று முதலில் சொன்னது என் மகள். அதுவரை எங்கள் வீட்டில் பறவை என்றால் கோழி, மிஞ்சிப்போனால் காடை. அவள் நர்சிங் முடித்து பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தாள். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை போய்ச் சேர வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேன் பிடித்து பழவேற்காடு ஏரிக்குப் போய், பூநாரைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். ராயபுரத்தில் பிறந்து, திருவொற்றியூரில் குடியிருந்து, எண்ணூரில் வேலை பார்க்கிறவன் நான். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்த ஏரியை நாற்பத்தெட்டு வயது வரை பார்த்ததில்லை.

"கொக்கு பாக்க வேன் வெச்சிகினு போவணுமா? மார்க்கெட்ல மீன் வெட்ற எடத்துல நின்னா போதாதா?" என்றாள் என் மனைவி.

"கொக்கு இல்லம்மா. இது ரோஸ் கலரு. ஏரி ஃபுல்லா நிக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நைனா, நீயும் வரணும். பின்னாடி வந்து சேந்துக்கிறேன்னு சொல்லாத. வண்டி கெளம்பும்போதே வண்டில இருக்கணும்."

"இருக்கேன்."

"சத்தியமா?"

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவள் சிரித்தாள், ஆனால் நம்பிய சிரிப்பு இல்லை. அவள் ஊரை விட்டுப் போவதற்குள் ஒரே ஒரு தடவையாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே வெறி பிடித்தது. இத்தனை வருஷம் காப்பாற்றாத கதை தனி. அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

எண்ணெய் சேமித்து வைக்கும் ஒரு கிடங்கில் நான் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். கப்பலில் வரும் எண்ணெய் குழாய் வழியாக டேங்குகளுக்கு ஏறும். அது ஏறுகிறதா, அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மணிக்கு ஒரு முறை லாக் புக்கில் எழுத வேண்டும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்ட். அடுத்த ஆள் வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, லாக் புக்கில் கையெழுத்துப் போட்டால்தான் இருக்கிற ஆள் அந்த இடத்தை விட்டு நகரலாம். அந்த அடுத்த ஆளை ரிலீவர் என்போம். அவன் வராவிட்டால் அடுத்த எட்டு மணி நேரமும் நாம்தான். நெருப்புக்குப் பயந்து செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது இன்டர்காம் மட்டும்; அதில் கேட் வரைக்கும்தான் பேச முடியும்.

எண்ணூரிலிருந்து டோல்கேட் வரைக்கும் ஷிப்டில் வேலை செய்கிற ஆம்பளைகளுக்கு இந்தச் சட்டம் தொந்தரவு என்று நினைத்தால் தப்பு. இதைப்போல வசதி வேறு கிடையாது. "ரிலீவர் வர்ல" என்று சொல்லிவிட்டால் எந்த வீட்டிலும் மறுகேள்வி இல்லை. மச்சினி வளைகாப்புக்கு ஏன் வரவில்லை? ரிலீவர் வர்ல. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு ஏன் வரவில்லை? ரிலீவர் வர்ல. போன் பண்ணிப் பார்க்கவும் முடியாது. கம்பெனிக்கே நேரில் வந்து விசாரிக்கிற பெண்சாதி எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. நானும் சொன்னேன். எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். மகள் முதல் தடவை ஃபாதர் கையால் அப்பம் வாங்கிய புதுநன்மைப் பூசைக்கு நான் மாதா கோயிலுக்கு வராததற்கும் வீட்டில் சொன்ன காரணம் அதுதான்.

அந்த ரிலீவர் யார் என்று என் வீட்டில் யாரும் கேட்டதில்லை. "பாவி, எந்த நல்லநாள்லயும் கரெக்டா கழுத்தறுப்பான்" என்று என் மனைவி முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டுவாள். நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டுவேன்.

உண்மையான ரிலீவர் என் தோஸ்து. மாத்தூரிலிருந்து வருகிறவன். ஷிப்ட் வாரா வாரம் மாறும், ஆனால் வரிசை மாறாது. எனக்குப் பின்னால் இருபது வருஷமாக அவன்தான் வருகிறான். ஒரு நாளும் அவன் தாமதமாக வந்ததில்லை. ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்து ஐம்பதுக்கே சைக்கிளை, பிறகு வந்த காலத்தில் பைக்கை, ஷெட்டில் நிறுத்தும் சத்தம் கேட்கும். மழையில் மணலி ரோடு முழுக்கத் தண்ணீர் நின்ற நாளில் இடுப்பளவு நனைந்து வந்து நின்றான். என் அப்பா இறந்தபோது பெட்டி தூக்கினான். அவன் பெரிய பையன் காய்ச்சலில் கிடந்தபோது அவனுக்குப் பதில் மூன்று நாள் நான் டபுள் பார்த்தேன். இதையெல்லாம் நாங்கள் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழவேற்காடு போகிற ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு சனிக்கிழமை நைட், அவனுக்கு ஞாயிறு காலை. லீவு கேட்டுப் பார்த்தேன். கப்பல் வருகிறது, ஆள் இல்லை, கிடையாது என்றார்கள். ஆறு மணிக்கு அவன் வந்துவிட்டால் நான் கிளம்பிவிடலாம். ஆனால் அவனால் எங்களோடு ஏரிக்கு வர முடியாது. அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவனே சொன்னான்.

"நீ போ மாமு. நான் கீறேன்ல? என் வூட்டுக்காரியையும் பசங்களையும் உன் வேன்ல இட்டுகினு போ. அதுங்களும் எங்கதான் போயிருக்குது, மாத்தூரை வுட்டா மாதவரம்."

இதற்கு மேல் ஒருவன் என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்குப் போய் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் ஷிப்டுக்கு வருகிறவன் அவன்தான், எனக்கு வாய்த்த தோஸ்து மாதிரி யாருக்கும் இல்லை என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான், பிளான் போடுவதற்கு. இருபது வருஷப் பழக்கத்தில் அவன் என் வீட்டுக்கு வந்தது கல்யாணம், சாவு என்று நாலைந்து தடவைதான் இருக்கும். ஒருவன் வீட்டில் இருக்கும்போது மற்றவன் ஷிப்டில் இருப்பான். என் சகலையும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். சகலைக்கும் எனக்கும் ஆகாது, ஆனால் மச்சினி வந்தால் அவரும் வந்துதான் ஆக வேண்டும். மகள் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி சிஸ்டர் தோரணையில் உத்தரவுகளைப் படித்தாள். யாரும் சிவப்புச் சட்டை போடக் கூடாது. யாரும் சென்ட் அடிக்கக் கூடாது. ஸ்பீக்கர் எடுத்து வரக் கூடாது. வேனிலிருந்து இறங்கியதும் யாரும் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது.

"அப்ப நாங்க அல்லாம் ஊமையா வந்துட்டு ஊமையா திரும்பணுமா?" என்றான் தோஸ்து.

"ஏரி அமைதியா இருக்கும் அங்கிள். நம்ம அதைக் கலீஜ் பண்ணக் கூடாது."

"ராயபுரத்துல பொறந்தவன் பொண்ணு பேசுற பேச்சா இது," என்று அவன் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். நல்ல சாயங்காலம்தான் அது. இப்போது நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சாப்பாடு விஷயத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. என் மனைவி புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொள்ளலாம் என்றாள். ஏரிக்கரையில் இறால் வாங்கி அங்கேயே சமைக்கச் சொல்லலாம் என்றார் சகலை. காலையில் புளிசாதம், மதியம் இறால் என்று முடிவானது. பொம்பளைகள் ஒதுங்குவதற்கு இடம் இருக்குமா என்று தோஸ்துவின் மனைவி தணிந்த குரலில் கேட்டாள். ஊருக்குள் ஒரு கோயில் இருக்கிறது, அங்கே கேட்டுக்கொள்ளலாம் என்று மகள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையை என்ன செய்வது என்ற கேள்விக்கு, சனிக்கிழமை சாயங்காலப் பூசையே போதும் என்று என் மனைவி பெரிய மனது பண்ணினாள். படகு வேண்டாம், கரையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் ஏரி மேல் சூடு எழும்பி ஒன்றும் தெரியாது, பறவைகளும் உள்ளே தள்ளிப் போய்விடும். வேன் மாத்தூரில் ஐந்தரைக்குக் கிளம்பும். தோஸ்து வீட்டாரை ஏற்றிக்கொண்டு, திருவொற்றியூரில் எங்கள் வீட்டாரை ஏற்றிக்கொண்டு, ஆறரைக்கு என் கம்பெனி கேட்டில் வந்து நிற்கும். நான் ஏறியதும் நேராக மீஞ்சூர், பொன்னேரி.

டிரைவர் பக்கத்து சீட் எனக்கு. நோட்டில் என் பெயருக்கு எதிரே அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள் என் மகள்.

இந்தப் பேச்சுக்கு நடுவில் என் மனைவியும் தோஸ்துவின் மனைவியும் சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டோடு வெளியே வந்தபோது தோஸ்துவின் மனைவி முகம் ஒரு மாதிரி இருந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். என் மனைவி அவளிடம் என்ன பேசினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு வாரம் தோஸ்து தினமும் டிரிப்பைப் பற்றிக் கேட்டான். வேன் கேட்டுக்கு எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் நிற்கும், யார் யார் எந்த சீட். அவனுக்கும் ஆசை இருக்கும், வர முடியவில்லை பாவம் என்று நினைத்து நானும் ஒன்று விடாமல் சொன்னேன். கால் மணி நேரத்துக்கு மேல் வேன் நிற்காது, நின்றால் பறவை பார்க்க முடியாது என்பதையும் நான்தான் சொன்னேன். என் கழுத்தை அறுக்க நானே கத்தி தீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஐந்து மணிக்கே தொழிலாளர் குளியலறையில் குளித்து, மகள் எடுத்துக்கொடுத்த வெளிர் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். லாக் புக்கில் ஆறு மணி அளவைக் கூட முன்கூட்டியே பென்சிலில் எழுதி வைத்துவிட்டேன். கப்பலிலிருந்து எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது. சாவிக்கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

ஐந்து ஐம்பதுக்கு பைக் சத்தம் இல்லை. ஆறு மணிக்கும் இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற ஓட்டம் எங்களுக்குத் தெரியும். ஆறேகாலுக்கு ஆபீஸில் இருந்த ஷிப்ட் இன்சார்ஜை இன்டர்காமில் கூப்பிட்டேன். அவர் ஆபீஸ் போனிலிருந்து அவன் நம்பருக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, போன் அணைந்திருக்கிறது என்றார்.

"சார், என்னை மட்டும் வுட்டுருங்க சார். பொண்ணு ஊருக்குப் போறா."

"கப்பல் நிக்குதுப்பா. நான் எப்படி விட முடியும்? வேற ஆளைத் தேடறேன், இரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஆள் போனை எடுப்பான்?

ஆறு முப்பத்தைந்துக்கு கேட்டிலிருந்து இன்டர்காம் வந்தது. செக்யூரிட்டி புது ஆள், சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, எங்களில் யார் முகமும் அவனுக்குத் தெரியாது. "சார், உங்க வேன் வந்து நிக்குது," என்றான்.

"ரிலீவர் இன்னும் வர்லன்னு சொல்லு. பத்து நிமிசம் நிக்கச் சொல்லு. நான் எப்படியாவது வந்துர்றேன்."

போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். "சொன்னேன் சார். ரிலீவர் வர்லன்னு சொன்னதும் அல்லாரும் சிரிச்சாங்கோ."

"சிரிச்சாங்களா?"

"ஆமா சார். ஒரு பொண்ணு மட்டும் எறங்கி கேட்டாண்ட வந்து நிக்குது."

பம்ப் ஹவுஸிலிருந்து கேட் தெரியாது. நடுவில் ஆறு டேங்க் இருக்கிறது. நான் வாசலுக்கும் மீட்டருக்குமாக நடந்தேன். ஒரு தடவை சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டு டேங்குகள் வரைக்கும் ஓடினேன், பிறகு திரும்பி வந்தேன். ஓடும் பம்பை விட்டுவிட்டுப் போகிற தைரியம் எனக்கு இல்லை. ஏழு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மறுபடியும் இன்டர்காம்.

"வேன் போய்ட்ச்சு சார். அந்தப் பொண்ணு கடைசி வரிக்கும் நின்னுகினுதான் இருந்துச்சு. உள்ள இருந்து கூப்ட்டாங்க, ஏறிக்கிச்சு."

அதற்குப் பிறகு இரண்டு மணி வரைக்கும் அதே பச்சைச் சட்டையில் மணிக்கொரு தடவை அளவு எழுதினேன். தோஸ்துவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவன் மனைவியும் பிள்ளைகளும் என் வேனில் போகிறார்கள், அவன் எங்கே அடிபட்டுக் கிடக்கிறானோ, அவர்களுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று தவித்தேன். பதினொரு மணிக்கு அவனுக்காக ஒரு ஜெபம்கூடச் சொன்னேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவமானமாக இருக்கிறது.

இரண்டு மணிக்கு மதிய ஷிப்ட் ஆள் வந்து கையெழுத்துப் போட்டதும் கேட்டுக்கு ஓடிப்போய் போனை வாங்கினேன். மகள் பதினோரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ரோடு, உப்பு வெளுத்த தரை, தூரத்தில் கோடு கோடாகப் பறவைகள், புளிசாதம். ஏழாவது படம் வேனுக்குள் எடுத்தது. டிரைவர் பக்கத்து சீட்டில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என் தோஸ்து.

முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது, உயிரோடு இருக்கிறான் என்று. பிறகுதான் என் சீட் என்று புரிந்தது. காலையில் கேட்டில் வேன் நின்றபோது அவன் அதற்குள்தான் உட்கார்ந்திருந்திருக்கிறான். ரிலீவர் வரவில்லை என்று செக்யூரிட்டி சொன்னபோது ரிலீவர் முன்சீட்டில் இருந்திருக்கிறான்.

பைக்கை எடுத்தேன். மீஞ்சூர் ரயில்வே கேட்டில் நின்றபோது அவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனப்பாடம் செய்தேன். பொன்னேரி தாண்டியதும் லாரி குறைந்தது, வயல் வந்தது, அப்புறம் வயலும் போய் வெறும் தண்ணீர் வந்தது. நான் எதையும் பார்க்கவில்லை.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சாப்பிட்ட பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். மகள் கொஞ்சம் தள்ளி, கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தோஸ்து ஓடவில்லை, ஒளியவில்லை. வேன் நிழலில் நின்றுகொண்டு, நான் வருவதற்காகவே காத்திருந்தவன் மாதிரி பார்த்தான்.

"ஏன்டா இப்டி பண்ண?" மனப்பாடம் செய்ததில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"உன் வூட்ல பஜ்ஜி போட்டுகினு உன் சம்சாரம் என் பொண்டாட்டியாண்ட இன்னா சொன்னாங்க தெரியுமா? உன் வூட்டுக்காரருக்கு ஒரு கும்புடு, இந்த ஒரு நாளாவது டைமுக்கு வரச் சொல்லும்மா, அவரால எம் பொண்ணு புதுநன்மைக்கே அப்பன் இல்லாம நின்னுச்சுன்னு. என் பொண்டாட்டி வூட்டுக்கு வந்து அழுதா மாமு. நான் அன்னைக்கு அஞ்சு அம்பதுக்கு வந்தேன். நீ சாவியக் குடுத்துட்டு கேரம் போர்டு கெளப்புக்குப் போன. எனக்குத் தெரியும்."

"அதுக்கு என்னாண்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா இன்னா சொல்லுவ? சிரிப்ப." அவன் குரல் உயரவே இல்லை. ஏரிக்கரையில் சத்தம் கூடாது என்ற உத்தரவை அவன் ஒருவன்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தான். "இருவது வருசமா உன் வூட்ல நான் வராதவன். ஒரு நாள் வராமதான் இருந்து பாத்தேன்."

"இவங்ககிட்ட இன்னா சொன்ன?"

"காத்தால ஷிப்ட் மாத்திக்கினோம், வேற ஆளு வர்றான்னு சொன்னேன். அது பொய். இங்க வந்தப்புறம் நெஜத்தச் சொன்னேன். இருவது வருசத்துல ஒரு நாளும் நான் லேட்டா வந்ததில்லன்னு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். சிநேகிதர்களுக்கு நடுவில் இருக்க வேண்டியதை என் மகள் முன்னால் போட்டு உடைத்துவிட்டு, அவ்வளவுதான் என்றான். ஷிப்டுக்கு வராமல் போனதோடு நிறுத்தியிருந்தால் அதை நான் மறந்திருப்பேன். டிரிப் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவள் ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, அவள் அப்பன் எப்பேர்ப்பட்டவன் என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல இவன் யார்? அவன் மேல் பொய்ப் பழி போட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பழியால் அவன் வேலை போகவில்லை, சோறு போகவில்லை. முகம் தெரியாத ஒரு ரிலீவரைத்தான் நாங்கள் திட்டினோம். இப்படியெல்லாம் இன்றைக்கும் எனக்குள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது, ஆனால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணீர்தான். அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"புதுநன்மை அன்னைக்கு எங்க இருந்த நைனா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் பழக்கத்தில் தயாராகத்தான் இருந்தது.

"கேரம் ஆடிக்கினு இருந்தேன். உன் சித்தி வூட்டுக்காரரு கோயிலுக்கு வராருன்னு சொன்னாங்க. அவருக்கும் எனக்கும் அப்ப சண்டை. மூஞ்ச பாக்கப் புடிக்கல."

"நான் வாசலையே பாத்துகினு இருந்தேன். நன்மை வாங்கும்போது ஃபாதர் என் தாவாங்கட்டையப் புடிச்சித் திருப்புனாரு."

"இன்னைக்கு மெய்யாலுமே ரிலீவர் வர்லடா கண்ணு."

"தெரியும். முன்னாடி ஒக்காந்துகினு இருந்தாரே." காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். "ஆனா காத்தால கேட்ல நிக்கும்போது தெரியாது நைனா. அப்ப நான் நம்பல."

பிறகு கையை நீட்டிக் காட்டினாள். ஏரியின் அந்தக் கோடியில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அவைதான் என்றாள். ரோஸ் கலர் தெரியவில்லையே என்றேன். காலையில் பக்கத்தில் இருந்தன, பறக்கும்போதுதான் கலர் தெரியும், நீ இருந்திருக்கணும் என்றாள். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வேன் கிளம்பும் வரைக்கும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவே இல்லை.

தோஸ்துவுக்கு மெமோ கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கொடுத்தான். இன்சார்ஜ் என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே விளங்கவில்லை. வரிசை இன்னும் மாறவில்லை. எனக்குப் பின்னால் அவன்தான் வருகிறான், முன்னைப்போலவே பத்து நிமிஷம் முன்னால். சாவிக்கொத்தை மேஜை மேல் வைக்கிறேன், எடுத்துக்கொள்கிறான். லாக் புக்கில் என் கையெழுத்துக்குக் கீழே அவன் கையெழுத்து. இரண்டு வருஷமாக வேறு பேச்சு இல்லை. நான் ஐந்து ஐம்பத்தைந்துக்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன். நைட் ஷிப்ட் முடித்து ஆறரைக்கே வீட்டில் இருக்கும் புருஷனை என் மனைவி இன்னும் சந்தேகமாகத்தான் பார்க்கிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் வருவதாகச் சொல்லியிருந்தாள். கேக்குக்குச் சொல்லி, அவளுக்குப் பிடித்த கடம்பா மீன் வாங்கிச் சுத்தம் செய்து வைத்திருந்தோம். இந்தத் தடவை அவளோடு இரண்டு பேர் மட்டும் பைக்கில் ஏரிக்குப் போய்விட்டு வரலாம் என்று எனக்கு ஒரு எண்ணம், யாரிடமும் சொல்லவில்லை. இருபத்து நாலாம் தேதி மதியம் போன் செய்தாள்.

"வர முடியல நைனா."

"ஏன்டா?"

"ரிலீவர் வர்ல."

பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சரிம்மா, சாப்பிட்டியா என்று கேட்டேன்.